நூற்றுப் பதினோரு ‘ஆம்’

அத்தியாயம் பதினான்கு

பொய் சொல்வதற்கும் கொஞ்சம் கவனம் வேண்டும். மாப்பிள்ளைக்கு அதுவும் கிடையாது என்பது காலை ஒன்பதரை மணிக்கே மூத்தவளுக்குத் தெரிந்துவிட்டது.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் அம்மா கொடுத்த வாக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குடும்பத்துக்குச் சொந்தமாக ஒன்பது ரத்தப் பரிசோதனைக் கூடங்கள். அவற்றை ஓட்டிக்கொண்டிருந்த பழைய மென்பொருள் தினம் இரண்டு முறை மயங்கி விழுந்தது. புதியதைச் சின்னவளின் புருஷனிடமே வாங்கிவிடலாம் என்று அம்மா மோர் ஊற்றிக்கொள்ளும்போது சொன்னாள். மாப்பிள்ளை அடக்கமாகத் தலைகுனிந்தார். தட்டில் இருந்ததைப் பார்க்கத்தான் குனிந்தார் என்பது மூத்தவளின் கட்சி.

அதற்கு அவள் போட்ட ஒரே முட்டுக்கட்டை ஒரு ஃபார்ம். நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். மாப்பிள்ளைக்கும், போட்டியில் இருந்த வேறு இரண்டு கம்பெனிகளுக்கும் ஒரே ஃபார்ம். பதில் வந்த பிறகுதான் கையெழுத்து. அந்தக் கையெழுத்து இன்று மாலை நான்கு மணிக்கு. அது விழுந்துவிட்டால் ஒன்பது கூடங்களுக்கும் வந்துபோன அத்தனை பேரின் ரத்தமும், அதாவது ரத்தம் சொன்ன சேதியும், மாப்பிள்ளையின் பெட்டிக்குள் போய்விடும்.

மூத்தவளின் வேலை அதைக் காவல் காப்பது. எந்தக் கம்ப்யூட்டருக்குள் யார் நுழையலாம், எவன் விற்பதை உள்ளே விடலாம் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. கூடத்துப் பெண்கள் அவளைச் ‘சல்லடை’ என்பார்கள். அவளுக்குத் தெரியாது என்று நினைப்பு. அவளுக்குத் தெரியும், முதலில் சொன்னது யார் என்பதும் தெரியும்.

முதல் கம்பெனி பெரிய கம்பெனி. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பத்தி எழுதியிருந்தது. பத்தியை முடிக்கும்போது அவர்கள் ஆம் என்றார்களா, இல்லை என்றார்களா என்று தெரியாது. கேள்வியைக் கேட்டவளுக்கே நாம் கேட்டது சரிதானா என்று சந்தேகம் வந்துவிடும். மூத்தவள் பதினோரு பத்திகள் படித்தாள். பிறகு ஒரு கொட்டாவி விட்டு ஓரமாக வைத்தாள்.

இரண்டாவது, இரண்டே பேர் நடத்தும் கம்பெனி. பாதிக் கேள்விகளுக்கு ‘இன்னும் செய்யவில்லை’ என்று எழுதியிருந்தார்கள். வெட்கமே இல்லாமல்.

மூன்றாவது மாப்பிள்ளையுடையது. ஆம். ஆம். ஆம். பக்கத்துக்குப் பக்கம் ஆம்.

பாஸ்வேர்டை மாதம் ஒருமுறை மாற்றுகிறீர்களா? ஆம். வேலையை விட்டுப் போனவர்களின் அனுமதியை அன்றே நிறுத்துகிறீர்களா? ஆம். உங்கள் சர்வர் அறைக்குள் யார் போனார்கள் என்று பதிவு உண்டா? ஆம். மாப்பிள்ளையின் சர்வர் அறை அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருப்பதை மூத்தவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். அங்கே போய்வந்தவர்களைப் பதிவு செய்தது செருப்பு மட்டும்தான்.

பிறகு நாற்பத்து மூன்றாவது கேள்வி. ‘இரட்டை வேலி பாதுகாப்புச் சான்றிதழ் உங்கள் நிறுவனத்துக்கு உண்டா?’

உலகத்தில் யாருக்கும் கிடையாது. அப்படி ஒரு சான்றிதழே இல்லை. போன செவ்வாய்க்கிழமை தேநீர் ஆறுவதற்குள் மூத்தவள் உண்டாக்கியது அது. அம்மாவின் வழிதான். ரத்தம் எடுக்கும் ஊசி விற்க வருகிறவரிடம், எந்தத் தொழிற்சாலையிலும் செய்யாத ஓர் அளவைச் சொல்லி இருக்கிறதா என்று அம்மா கேட்பாள். ‘நாளைக்கே அனுப்பிடறேம்மா’ என்கிற ஆளிடம் அதற்குப் பிறகு பஞ்சுகூட வாங்கமாட்டாள்.

பெரிய கம்பெனி, அந்தச் சான்றிதழின் உணர்வைத் தாங்கள் முழுமையாக மதிப்பதாக எழுதியிருந்தது. இரண்டு பேர் கம்பெனி, ‘கேள்விப்பட்டதில்லை. எங்கே வாங்குவது?’ என்று கேட்டிருந்தது. மூத்தவள் அதன் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு போட்டாள்.

மாப்பிள்ளை ஆம் என்றிருந்தார். சொன்னதோடு விடவில்லை. சான்றிதழையே இணைத்திருந்தார்.

தங்கக் கரை. நடுவில் இரண்டு வேலிகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் முத்திரை. கீழே இரண்டு கையெழுத்துகள். ஓரத்தில் பொடி எழுத்தில், ‘சென்ற ஆண்டு புதுப்பிக்கப்பட்டது.’

செவ்வாய்க்கிழமை பிறந்த குழந்தைக்கு மீசை வரைந்து அனுப்பியிருந்தார் மனிதர். மூத்தவள் சிரிக்கக்கூட இல்லை. சிரித்தால் அந்த ஆளுக்கு மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

மிச்சத்தைப் பெயருக்குப் புரட்டிக்கொண்டே போனவள் எழுபத்தெட்டில் நின்றாள்.

‘எங்களிடம் சோதனை செய்துகொள்பவரின் ரிப்போர்ட், அவர் அனுமதி இல்லாமல், உங்கள் நிறுவனத்துக்கு வெளியே யாரிடமும் போகாது என்று உறுதி தருகிறீர்களா?’

இல்லை.

அவள் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். எல்லாம் ஆம். நூற்றுப் பதினோரு ஆம், ஒரே ஓர் இல்லை. கை தவறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். பச்சைப் பொய்யை வரிசையாக அடுக்கும்போதுகூட ஒரு செங்கல்லைக் கோணலாக வைத்துவிடுகிற ஆள் என்று அவர் மேல் இருந்த அலட்சியம் ஒரு படி ஏறியது.

அது கடைசிப் பக்கம் வரைக்கும்தான். ‘பாதுகாப்புப் பொறுப்பாளர்’ என்ற இடத்தில் சின்னவளின் பெயர். அடியில் அவள் கையெழுத்து, பள்ளிக்கூட நாளிலிருந்து போடுகிற அந்த வாலோடு.

தகவல் வெளியே போய்ப் பெரிதாகிவிட்டால், சட்டம் முதலில் தட்டுவது பொறுப்பாளரின் கதவைத்தான். புருஷன் அந்த நாற்காலியில் பெண்டாட்டியை உட்காரவைத்துவிட்டுத் தான் தள்ளி நின்றிருக்கிறார். இவளும் உட்கார்ந்திருக்கிறாள். தன் போனுக்கு ஒரு பூட்டுப் போட்டுக்கொள்ளத் தெரியாதவள், எல்லா இடத்திலும் பிறந்த தேதியையே பாஸ்வேர்டாக வைத்திருப்பவள், பாதுகாப்புப் பொறுப்பாளர். அசடு என்று மூத்தவள் வாய்விட்டே சொன்னாள். அறையில் யாரும் இல்லை.

*

கீழே, முதலாளியம்மாவான அம்மா ஊசிக்காரரை நிற்கவைத்திருந்தாள். மேல் வரிசைப் பெட்டிகளை அவள் பார்ப்பதே இல்லை. அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை உருவி, பிரித்து, ஊசிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுக்கு சரியாமல் பிடித்துக்கொண்டு நின்ற ஊசிக்காரருக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

மேசை மேல் அவள் போன் அதிர்ந்தது. சரியாகப் பத்து மணி. தெரியாத எண். பார்க்காமலே வெட்டினாள்.

“விக்கிறவன்,” என்றாள்.

விற்பவரை எதிரில் நிற்கவைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல அவளால்தான் முடியும். இருபத்தேழு வருஷமாக அதே எண்ணை வைத்திருக்கிறாள். மாற்றினால் பழைய ஆட்கள் கடையை மூடிவிட்டதாக நினைப்பார்கள் என்பது அவள் கணிப்பு. எனவே விற்கிறவர்களுக்கும் அந்த எண் மனப்பாடம்.

மூத்தவள் சான்றிதழை மேசையில் வைத்தாள். அம்மா அதை விரலால் தடவினாள். காகிதம் நன்றாக இருக்கிறது என்றாள். இது உலகத்திலேயே இல்லாத சான்றிதழ், நான் இட்டுக்கட்டியது என்று மூத்தவள் விளக்கினாள்.

“நீ இட்டுக்கட்டினே. அவரு முத்திரை குத்திட்டாரு. வேலை சீக்கிரமா பண்றாரில்ல?”

“அம்மா, நான் விளையாடல. நீங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதை யோசிக்கணும்.” வீட்டில் ‘நீ’, கூடத்தில் ‘நீங்க’. சம்பளம் வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து மூத்தவள் வைத்திருக்கும் ஒழுங்கு அது.

அம்மா ஊசிக்காரரை வெளியே போய் நிற்கச் சொன்னாள். விற்கிறவன் பொய் சொல்வதில் அவளுக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. உண்மை சொல்கிற விற்பனைக்காரனை அவள் இதுவரை பார்த்ததில்லை; பார்த்தால் வைத்தியரிடம் அனுப்புவாள். கேள்வித்தாளில் ஒருவனுடைய யோக்கியதை தெரியும் என்று மகள் நம்புவதுதான் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. ‘எங்கே வாங்குவது’ என்று கேட்ட அந்த இரண்டு பேரைப் பற்றி மூத்தவள் சொன்னபோது மட்டும் அவள் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. உயர்ந்த வேகத்திலேயே இறங்கியது.

“எனக்குச் சான்றிதழ் வேண்டாம். சட்டைக் காலர் வேணும். வெளியாள் ஏமாத்திட்டா நான் எந்தத் தெருவுல போய்த் தேடுவேன்? இவரு ஏமாத்தினாலும் ராத்திரி சாப்பாட்டுக்கு நம்ம வீட்டுக்குத்தான் வந்தாகணும். எட்டிப் பிடிச்சுக்குவேன்.”

“காலரைப் பிடிச்சா, வெளியே போன ரிப்போர்ட் திரும்பி வருமா?”

“எந்த ரிப்போர்ட் போச்சு? நாலாவது கூடத்துல ரெண்டு வாரமா அவரு சாமான்தான் வெள்ளோட்டமா ஓடுது. கூரை இடிஞ்சு விழுந்துடல. வெளியே போனது ஒண்ணைக் காட்டு. நாலு மணிக்குள்ள ஒரே ஒண்ணு. காட்டிட்டா நான் பேனாவைத் தொடமாட்டேன். இல்லேன்னா கையெழுத்துப் போடுவேன், நீ மாப்பிள்ளை முன்னாடி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காம உக்காந்திருக்கணும்.”

சின்னவளைப் பொறுப்பாளராகப் போட்டிருப்பதையும் மூத்தவள் சொன்னாள். புருஷன் கம்பெனியில் பெண்டாட்டி பெயர் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரி பெயரா இருக்கும் என்று கேட்டுவிட்டு, அம்மா ஊசிக்காரரைத் திரும்பக் கூப்பிட்டாள்.

*

நாலாவது கூடம் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி. மூத்தவள் நடந்தே போனாள். கோபத்துக்கு பஸ் போதாது.

காத்திருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. உள்ளே ரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் தும்மல் வராத மூக்குபோல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. கவுன்டரில் சின்னவள். புது மென்பொருளை மேற்பார்வை பார்க்கட்டும் என்று இரண்டு வாரமாக மாப்பிள்ளை அவளை இங்கே உட்காரவைத்திருந்தார்.

அவள் எதிரில் ஒரு தையற்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு நின்றுகொண்டிருந்தார். சத்தம் போடவில்லை, குரலை அடக்கித்தான் பேசினார், அதனாலேயே மொத்த வரிசையும் காது கொடுத்தது. நேற்று அவர் ரிப்போர்ட் அவர் போனுக்கு வந்தது பத்து மணிக்கு. சர்க்கரைக்கு மருந்து விற்கிறவன் அவரைக் கூப்பிட்டது ஒன்பதே முக்காலுக்கு. தனக்குச் சர்க்கரை இருப்பதைத் தன்னிடம் முதலில் சொன்னது ஒரு வியாபாரி என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. போனை நீட்டி எண்ணைக் காட்டினார். சின்னவள் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டாள்.

மூத்தவளுக்குத் தேடி வந்தது கிடைத்துவிட்டது. அவரை வாசல் வரை பின்தொடர்ந்து, நாலு மணிக்குத் தலைமைக் கூடத்துக்கு வந்து இதையே ஒருமுறை சொல்ல முடியுமா என்று கேட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னும் என் சம்சாரத்துக்கே சொல்லல. நீங்க என்னைக் கூட்டம் கூட்டிச் சொல்லச் சொல்றீங்க. உங்களுக்கும் அந்த ஆளுக்கும் என்ன வித்தியாசம்?”

அவள் நின்றுவிட்டாள். வருஷக்கணக்காக மற்றவர்களைச் சல்லடையில் போட்டவள் ஒரே கேள்வியில் சலிக்கப்பட்டுவிட்டாள். அவர் போய்விட்டார்.

குழாய்கள் வைக்கும் குளிர்பெட்டி அறைக்குள் தங்கையை இழுத்துக்கொண்டு போய் ஃபார்மைப் பிரித்தாள்.

“இந்த ‘இல்லை’ எப்படி வந்துச்சு?”

“நான் போட்டேன்.”

சின்னவள் அவசரமில்லாமல் சொன்னாள். ஃபார்மை நிரப்பியது முழுக்க அவள்தானாம். மாப்பிள்ளை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, எல்லாவற்றுக்கும் ஆம் போட்டுக்கொண்டு போ, படித்து நேரத்தை வீணாக்காதே என்றிருக்கிறார். இவள் படித்திருக்கிறாள். நாற்பத்து மூன்றாவது வந்ததும் இந்தச் சான்றிதழ் நம்மிடம் இல்லையே என்று கேட்டாளாம். விசிட்டிங் கார்டு அடிக்கிறவனிடம் சொல்லி ஒன்று அடித்துவிட்டால் போயிற்று என்றாராம்.

“அது உன் வேலைன்னு பார்த்தவுடனே தெரிஞ்சுபோச்சு. அம்மா ஊசி அளவு கேக்கற மாதிரியே இருந்துச்சு.”

“தெரிஞ்சும் அவர்கிட்ட சொல்லல?”

“எதுக்குச் சொல்லணும்? ஆசைப்பட்டு அடிச்சாரு.”

மூத்தவள் முதல் தடவையாகத் தங்கையைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தாள்.

விஷயம் இதுதான். ரிப்போர்ட் தயார் என்று போனுக்குச் சேதி அனுப்புகிற பகுதி மாப்பிள்ளை செய்ததில்லை. வேறொரு கம்பெனியுடையது. அவர்கள் அதைச் சும்மா கொடுக்கிறார்கள். ஒருத்தன் ஏன் சும்மா கொடுக்கிறான் என்று சின்னவள் கேட்டதற்கு மாப்பிள்ளை அவள் கன்னத்தைத் தட்டினாராம். பேர், எண், என்ன சோதனை, என்ன முடிவு என்று எல்லாம் அந்த வழியாகத்தான் போகிறது. போகிற வழியில் யார் கை வைத்தாலும் தெரியாது. மாப்பிள்ளைக்கும் இது தெரியும். எல்லாரும் செய்வதுதான் என்றாராம்.

“இதை நீ ஓடி வந்து என்கிட்ட சொல்லியிருக்க வேண்டாமா?”

“சொன்னா நம்பியிருப்பியா? நான் வாயைத் தொறந்தாலே ‘உனக்கு என்ன தெரியும்’னுதான் ஆரம்பிப்ப. அப்புறம் அவர்கிட்டயே கேப்ப. அவரு பளபளன்னு ஒரு பதில் சொல்லுவாரு. நீ காகிதத்துல இருந்தாத்தான் நம்புவ. அதான் காகிதத்துல வெச்சேன்.”

“கையெழுத்து? பொறுப்பாளர்னு போட்டிருக்கியே, அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா?”

“தெரியும். கேள்விக்கெல்லாம் பதில் முடிவு பண்ற எடம் அவருது. பொய் சொன்னா மாட்டற எடம் என்னுது. அதனாலதான் ஒண்ணாவது நிஜமா இருக்கட்டும்னு பார்த்தேன்.”

அசடு என்று காலையில் சொன்னது அறையில் யாருக்கும் கேட்கவில்லை என்பதில் மூத்தவளுக்கு இப்போது கொஞ்சம் நிம்மதி.

ஆனால் ‘ஒரே ஒண்ணு’ வேண்டுமே. தையற்காரர் வரமாட்டார். இனி எவரையும் அவள் கூப்பிடவும் மாட்டாள். அதைச் சொன்னபோது சின்னவள் துண்டுக் காகிதத்தைப் பார்த்தாள், குளிர்பெட்டியைத் திறந்தாள், நேராகத்தான் இருந்த குழாய்களை நேராக்கினாள்.

“யாரையும் தேட வேண்டாம். ரெண்டு நாளா அம்மா ஒரு நம்பரைக் கட் பண்ணிக்கிட்டே இருக்காங்க. நேத்து மத்தியானம் சாப்பிடறப்போ பார்த்தேன். இதே நம்பர்தான். எடுக்கலேன்னா பத்து, பன்னெண்டு, ரெண்டு, நாலுன்னு மெஷின் வெச்சுத் திரும்பத் திரும்பக் கூப்பிடறாங்க. நாலு மணிக்கு வரும்போது எடுக்கச் சொல்லு. ஸ்பீக்கர்ல போடாதே. காதுல வெச்சுக் கேக்கட்டும்.”

அம்மாவின் எண் அவனிடம் எப்படிப் போயிற்று என்று மூத்தவள் கேட்டாள். வரிசை நீண்டுவிட்டது என்று சொல்லிவிட்டுச் சின்னவள் கவுன்டருக்குப் போனாள்.

*

மாப்பிள்ளை மூன்றே முக்காலுக்கு வந்தார். வரும் வழியில் சின்னவளையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். காலையில் இஸ்திரி போட்ட சட்டை இன்னும் அட்டைபோல நின்றது. அம்மாவின் அறைச் சுவரில் தன் படங்களை ஓடவிட்டார். முதல் படத்தில் ஒரு தங்கப் பூட்டு மெதுவாகச் சுற்றியது. வரைந்தவன் அதற்குச் சாவித் துவாரம் வைக்க மறந்துவிட்டான்.

வங்கித் தரம் என்றார். ராணுவத் தரம் என்றார். எந்த வங்கி என்று மூத்தவள் கேட்டாள். அது ரகசியம், பாதுகாப்புக் காரணம் என்றார். இரட்டை வேலியை எந்த அலுவலகத்தில் வாங்கினீர்கள் என்று கேட்டாள். வேலை பார்க்கும் பையன்கள் எல்லாம் பார்த்துக்கொண்டார்கள் என்றார். செய்வதெல்லாம் இல்லாத பையன்கள் என்று வைத்துக்கொண்டால் மனிதனுக்கு ஒருநாளும் குறை வராது. அம்மா இரண்டு பேரையும், விலை படியாத சரக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுபத்தெட்டு.

“அது ஒண்ணுமில்ல அண்ணி. இவதான் டைப் பண்ணா. இதெல்லாம் பழக்கமில்ல பாருங்க, கை தவறிடுச்சு. இப்பவே மாத்தித் தரேன்.”

“கை தவறல,” என்றாள் சின்னவள்.

கதவோர நாற்காலியிலிருந்து அவ்வளவுதான் சொன்னாள். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். அந்த நாற்காலி பேசும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நிமிஷம் குறைய நான்கு. ஒரே ஒண்ணு கேட்டேனே, எங்கே என்று மூத்தவளிடம் கேட்டாள். மூத்தவள் அம்மாவின் போனைப் பார்த்தாள். சரி என்று அம்மா பேனாவின் மூடியைக் கழற்றினாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். கண்ணாடியை மூக்கின் மேல் சரிசெய்துகொண்டாள். கையெழுத்து எங்கே என்று விரலால் காட்ட மாப்பிள்ளை எழுந்தே வந்துவிட்டார்.

போன் அதிர்ந்தது. அம்மாவின் கட்டைவிரல் பழக்கத்தில் வெட்டப் போயிற்று.

“அம்மா, இந்தத் தடவை எடு,” என்றாள் மூத்தவள். “காதுல வெச்சு.”

அந்த ‘எடு’தான் அவளை நிறுத்தியது. இந்த அறைக்குள் மகளிடமிருந்து ‘நீங்க’ மட்டுமே கேட்டுப் பழகிய காது அது. எடுத்தாள்.

அலோ என்றாள். விற்கிறவன் எவனையும் பத்து வார்த்தைக்கு மேல் பேசவிடாதவள், அந்த ஆளை முழுக்கப் பேசவிட்டாள். சுவரில் பூட்டு சுற்றியது. அவள் கண் பூட்டின் மேல் இருந்தது. பார்வை வேறெங்கோ இருந்தது. பேனா பிடித்திருந்த கை மெல்ல மேசையில் படுத்தது.

“அந்தப் பேரை உங்களுக்கு யார் சொன்னாங்க?” என்று கேட்டாள்.

எதிர்ப்பக்கம் ஏதோ உற்சாகமாகச் சொன்னது.

“எப்போ?”

இன்னும் கொஞ்சம் உற்சாகம். அம்மா கேட்டுக்கொண்டாள், வெச்சிடுங்க என்றாள், போனைக் கவிழ்த்து வைத்தாள். பேனாவின் மூடியைத் தேடி எடுத்து, அது ‘டிக்’கென்று விழும்வரை அழுத்தினாள்.

“காட்டிட்டே,” என்றாள் மூத்தவளைப் பார்த்து.

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. யார் அத்தை போனில் என்று கேட்டார். உங்க சாமான் வழியா நம்ம கூடத்துச் சேதியைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள் என்றாள் அம்மா. அவருக்கு அப்போது புரிந்தது; புரிந்ததும் சிரித்தார். அவருடைய வாழ்க்கையில் அது இரண்டாவது பெரிய தப்பு. முதலாவது, சின்னவளின் கன்னத்தைத் தட்டியது.

“அதுவா. எல்லாரும் பண்றதுதான் அத்தை. வெறும் தகவல்தானே, பொருளா போச்சு?”

அம்மா குரலை உயர்த்தவில்லை. பேரம் முறியும்போது அவள் குரல் இறங்கத்தான் செய்யும்.

“சரக்கு என்னுது இல்ல, மாப்பிள்ளை. ஜனங்க என்னை நம்பிக் குடுத்துட்டுப் போனது. இருபத்தேழு வருஷமா அதை நான் வித்ததில்ல. நீங்க வித்திருந்தாலாவது வியாபாரின்னு சொல்லியிருப்பேன். சும்மா தூக்கிக் குடுத்திருக்கீங்க.”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு, போக இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

நாலாவது கூடத்தில் இந்தச் சாமானை உடனே நிறுத்தச் சொல் என்று அம்மா மூத்தவளிடம் சொன்னாள். மத்தியானமே வயரைப் பிடுங்கியாயிற்று என்று கதவோரத்திலிருந்து பதில் வந்தது. மாப்பிள்ளை பெண்டாட்டியை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் என்றார், மிக மெதுவாக.

“வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுங்க, மாப்பிள்ளை,” என்றாள் அம்மா. “சின்னவ இங்கேயிருந்தே என்கூட வந்துடுவா.”

அவர் லேப்டாப்பை மூடினார். பூட்டு பாதிச் சுற்றில் அணைந்தது. தன்னையறியாமல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு படி இறங்கினார்.

“அந்த ‘எங்கே வாங்கறது’ன்னு கேட்டவனுங்களை நாளைக்கு வரச் சொல்லு,” என்றாள் அம்மா. பிறகு தனக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றாள். மேசை மேல் வேலை எதுவும் இல்லை. இரண்டு பேரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.

படிக்கட்டுத் திருப்பத்தில் மூத்தவள் நின்றாள். கணக்கு இப்போதுதான் நேராக விழுந்தது. ‘அந்தப் பேரை.’ அம்மாவுக்கு ஒரு பேர்தான் உண்டு. தலைமைக் கூடத்தில் எல்லோருக்கும் அவளைத் தெரியும் என்பதால் புது ஆட்கள் இருக்கும் நாலாவது கூடத்துக்குப் போயிருக்கிறாள். சின்னவள் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து, வேறு ஏதோ பேர் சொல்லிக் கையை நீட்டியிருக்கிறாள். பேரை மாற்றத் தோன்றியவளுக்கு எண்ணை மாற்றத் தோன்றவில்லை. இருபத்தேழு வருஷப் பழக்கம். யாரோ எண் கேட்டதும் வாய் தானாகச் சொல்லியிருக்கும். அந்த எண்ணைத் திரையில் பார்த்த சின்னவளுக்கு மட்டும் அது யாருடைய ரத்தம் என்று தெரியும்.

“என்ன டெஸ்ட்?” என்று கேட்டாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. “என்ன வந்திருக்கு? சொல்லுடி. நான் வெளியாளா?”

சின்னவள் இரண்டு படி கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரலில் அந்த வால் போட்ட கையெழுத்தின் அழுத்தம் இருந்தது.

“அது அவங்க ரிப்போர்ட், அக்கா. அவங்க அனுமதி இல்லாம வெளியே போகாது.”